செலினின் கோடு

ஜூன் பிறந்ததும் செலினின் பள்ளிச் சீருடை வழக்கம்போல வீடு தேடி வந்தது. நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரை எடுத்த நான்கு அளவுகள் அரசாங்கத்திடம் இருந்தன. அந்த நான்கு புள்ளிகளை ஒட்டி இழுத்த கோட்டின்படி அவள் வருடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வளர்கிறாள். அதனால் யாரும் அளவெடுக்க வருவதில்லை. சீருடை தைத்தே வந்துவிடும்.

செலின் காய்ச்சலில் இறந்து ஆறு வருடம் ஆகிறது.

முதல் வருடமே அவள் அம்மா அமலி சொல்லிப் பார்த்தாள். அவர்கள் அனுப்பிய அளவுப் படிவத்தில் இறப்பை எழுத இடமில்லை. உயரம் என்ற கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டு அனுப்பினாள். மற்ற அளவுகளோடு ஒட்டவில்லை, தவறாக இருக்கும், நீக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை.

"புள்ள நல்லா வளந்துட்டாளேக்கா, நூத்தி அம்பத்தி நாலு!" என்றாள் பொட்டலம் கொண்டுவந்தவள், சீட்டைப் பார்த்தபடி.

"ஆமா" என்று அமலி கையெழுத்துப் போட்டாள்.

முந்தைய ஐந்தும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தன. இதையும் அங்கே வைக்கத்தான் போனாள். தோளில் வைத்துப் பார்த்தவள், என்ன நினைத்தாளோ, எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்படியே அடுப்படிக்குப் போய் மீன் கழுவ உட்கார்ந்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அவள் புருஷன் சவரி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஒனக்குச் சரியா இருக்கே" என்றான்.

"இந்த வருஷம் மட்டுந்தான்" என்றாள் அமலி. "அடுத்த வருஷம் எனக்கும் பெருசாயிரும்."