உள்ளேதான் எங்கயோ கிடக்கு

வரிசை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவன் ஒருநாளும் அதில் நின்றிருக்க மாட்டான் என்பது பெயின்ட் கடைக்காரரின் ஆராய்ச்சி முடிவு. இதை அவர் சிரிக்காமல் சொல்வார்.

"நிக்கிறதுக்குன்னே பொறந்தவங்க நிப்பாங்க. எங்கம்மா என்னைப் பெத்தப்பவே, ஆஸ்பத்திரியில முன்னாடி இருந்தவங்களையெல்லாம் தாண்டித்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்களாம்."

நிற்கப் பிறந்தவர்களுக்கு உதாரணம் தேடி அவர் தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கடை தையல்கார அக்காவே போதும். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. அக்காவின் மாடிப்படி அதில்தான் இறங்கும். நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தபோது, பெயின்ட் கடைக்காரர் சந்தின் இரு முனையிலும் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, டப்பாக்களை அடுக்கிக் குடோன் ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து அக்கா தன் வீட்டுக்குப் போக, கடைக்குள்ளேயே ஒரு ஏணியைச் சாத்தி ஏறுகிறார்.

சந்து நகராட்சிக்குச் சொந்தம் என்று காட்டுவது பழைய தெரு மேப் ஒன்றுதான். அதன் நகலைக் கேட்டு அக்கா நகராட்சி ஜன்னலில் வரிசையில் நிற்க ஆரம்பித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் அதே பதில்: "உள்ளேதான் எங்கயோ கிடக்கு. தேடணும்."

"என்னக்கா, நின்ன இடத்துல இன்னும் வேர் விடலையா?" என்று கேட்டார் பெயின்ட் கடைக்காரர்.

"விட்டுடும் தம்பி." அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அடுத்த வாரம் கட்டாயம் தேடித் தர்றேன்னு அந்த கிளார்க்கு சொல்லியிருக்காரு. பாவம், அவ்ளோ பெரிய ரெக்கார்டு ரூமுக்கு அவர் ஒருத்தர்தான். மதியம் சாப்பிட்டதும் அசந்து தூங்கிடறாரு. கதவுகூடத் திறந்தேதான் கிடக்குது."

பெயின்ட் கடைக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மேப் கிடைத்தால் குடோன் போச்சு. குடோன் போனால் பாதிக் கடை போன மாதிரி.

மறுநாள் மதியம் நகராட்சியின் பின்வாசல் வழியாக அவர் நுழைந்தபோது, எழுத்தர் நாற்காலியில் காலை நீட்டி, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார். ஊரில் அவருக்குப் பெயர் கொட்டாவி. ரெக்கார்டு ரூம் கதவு அக்கா சொன்னபடியே திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன்கூட ஓடியது. ஒரு திருடனுக்கு இதைவிட யாரும் வசதி செய்துகொடுத்துவிட முடியாது.

ஆனால் அறை கிடந்த கிடப்பு வேறு. பிறப்புப் பதிவுக் கட்டுகளுக்குமேல் சாக்கடை ரசீது, அதற்குமேல் நாய் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே உடைந்த நாற்காலி. வாரி இறைத்துத் தேடினால் தேடியதையே மறுபடி தேட வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல், ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து, தூசி தட்டி, தெருவாரியாகப் பிரித்து, மறுபடி கட்டி அலமாரியில் அடுக்கினார். சொந்தக் கடையில் ஒரு டப்பாவைக்கூட நிமிர்த்தி வைக்காத மனிதர்.

சட்டை தொப்பலாக நனைந்த பிறகு, தண்ணீர் வரிக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மேப் வந்தது. சுருட்டிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு பூனைபோல வெளியே வந்தார்.

"கிடைச்சுதா சார்?"

குரல் துண்டுக்கு அடியிலிருந்து வந்தது. நாற்காலி இப்போது வாசற்கதவை அடைத்துக்கொண்டிருந்தது.

"நான்... சும்மா... பாத்ரூம் எங்கன்னு..."

"சட்டைக்குள்ள வைக்காதீங்க. வேர்வை பட்டா மை ஊறிடும். குடுங்க." கொட்டாவி நிதானமாகப் பேனாவைத் திறந்தார். "திருடினாருன்னு எழுதட்டுமா, தேடிக் குடுத்தாருன்னு எழுதட்டுமா?"

பெயின்ட் கடைக்காரர் மேப்பை எடுத்து நீட்டினார். "தேடிக் குடுத்தாருன்னு."

"பொதுநல உணர்வோட," என்று தானாகவே சேர்த்து எழுதிக்கொண்டார் கொட்டாவி.

மேப்பை வைத்து நகராட்சி சுவரை இடித்தது. அக்கா தன் படியில் இறங்கி வந்தார். ஏணியை ஓரமாக வைத்துவிட்டு, "ரொம்ப நன்றி தம்பி. நீங்கதான் தேடிக் குடுத்தீங்களாமே," என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் பெயின்ட் கடைக்காரருக்கு ஒரு ஞாபகம் வந்தது. அந்தச் சந்தைக் கடைக்குப் பயன்படுத்திக்கொள்ள அப்பா காலத்தில் நகராட்சி ஓர் உத்தரவு கொடுத்திருந்தது. அது கிடைத்தால் குடோன் திரும்பிவிடும். கமிஷனரின் டிரைவரைப் பிடித்தார், கவுன்சிலரின் மச்சானைப் பிடித்தார். இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ஜன்னல்ல மனு குடுங்க."

கைக்குட்டையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

ஒருவழியாக ஜன்னல் வந்தது. கொட்டாவி மனுவைப் படித்தார்.

"இது உள்ளேதான் எங்கயோ கிடக்கு."

"அப்ப கொஞ்சம் தேடுங்களேன்! பாதி ரூமை நான்தானே அடுக்கி வச்சேன்?"

"மீதி பாதி இருக்குல்ல. எங்களுக்கு ஏது சார் நேரம்?" கொட்டாவி குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இங்க எதையும் நாங்க தேடறதில்லை. எது கிடைக்கவே கூடாதுன்னு ஒருத்தர் நினைக்கிறாரோ, அவர் காதுல விழற மாதிரி, கதவு திறந்திருக்கு, ஆளு தூங்கறாருன்னு போட்டு வைப்போம். அவரே வந்து பொறுப்பா தேடி எடுத்துடுவாரு. சொல்லுங்க, இது கிடைச்சா யாருக்கு நஷ்டம்?"

பெயின்ட் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. "தையல்கார அக்காவுக்கு!"

கொட்டாவி மனுவை மடித்து அடியில் வைத்துவிட்டு, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"அப்ப கிடைக்காது சார். அவங்க வரிசையில நிக்கிற ஆளு."