ஹாஜியாரும் இங்கிலாந்துக் குதிரையும்

"அந்த இங்கிலாந்துக் குதிரை அமெரிக்காவுல வெல்லுமா தம்பி?"

குதிரைப் பந்தயம் கட்டும் ரேஸ் கடைக்குள்ளிருந்து வந்த குரலைக் கேட்டு ராக்கம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். அது ஸெய்னுலாப்தீன் ஹாஜியாரின் குரல். கண்டி நகரத்துக் கொழும்புத் தெருவில் புடைவைக்கடை வைத்திருப்பவர். சூது ஹராம் என்று ஊருக்கே சொல்கிறவர்.

"நிக்காத புள்ள, வா போவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தான் புருஷன் பொன்னையா.

அவள் அசையவில்லை.

மகளுக்குத் தையில் கல்யாணம். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த அட்டியலும் காப்பும் ஹாஜியாரிடம் அமானத்தாக இருந்தன. லயத்து அறையில் தங்கத்தை எங்கே வைப்பது? கண்டிச் சீமையில் பலரும் இப்படித்தான் நம்பிக்கையான முதலாளியிடம் கொடுத்துவைப்பார்கள். வட்டி கிடையாது, சீட்டுக் கிடையாது. கேட்ட அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அமானத்து.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பொன்னையா போய்க் கேட்டபோது ஹாஜியார் கொடுக்கவில்லை. அதனால்தான் இன்று ராக்கம்மாவே இறங்கி வந்தாள். வேண்டாம், வேண்டாம் என்று பொன்னையா தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை.

உள்ளே, பந்தயச் சீட்டு எழுதும் வீரசிங்கம் பதில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், குதிரை விஷயத்தில் புலி.

"வெல்லாது ஹாஜியார். நல்ல குதிரைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அது புல்லிலை ஓடிப் பழகினது. அங்கை வெறும் மண். முன்னுக்கு ஓடுற குதிரை கிளப்புற மண் முகத்திலை அடிக்க, இது மிரண்டு போகும்."

"அங்க எல்லாத்தையும் வெண்ட குதிரைண்டு செல்றாங்களே?"

"இங்கிலாந்திலை கடைசியிலைதான் விரட்டுவினம். அமெரிக்கக்காரன் தொடக்கத்திலையே பறப்பான். அதோடை, கப்பலிலை ஆடி ஆடிப் போன உடம்பு. சனிக்கிழமை பாருங்கோவன்."

"அல்லாவுக்காக யோசிச்சுச் செல்லுங்க. ஒரு வழியும் இல்லயா?"

"மழை பெய்து சேறானா இன்னும் மோசம். நானெண்டா அதிலை ஒரு சதம் கட்டமாட்டன்."

ஹாஜியார் பெருமூச்சு விட்டபடி வெளியே வந்தார். எதிரே ராக்கம்மாவைக் கண்டதும் திகைத்துப்போனார்.

"எங்க நகையக் குடுங்க மொதலாளி."

"ஈக்குது தங்கச்சி. பத்திரமா ஈக்குது. ஆனா இப்ப தரேலா. திங்கக்கிழமை வாங்க."

சனிக்கிழமை ரேஸ். திங்கட்கிழமை நகை.

"எம்மக நகையக் குதிரையில கட்டிட்டீங்களா?"

ஹாஜியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னையாவைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ராக்கம்மா குனிந்து இரண்டு கையாலும் தெருமண்ணை வாரினாள்.

"எம்புள்ள வவுத்தெரிச்சல் ஒங்கள சும்மா விடாது!"

வெள்ளைத் தொப்பியெல்லாம் மண், தாடியெல்லாம் மண். வயிறெரிந்து ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடும்பமே விளங்காது என்று நம்புகிற சனம் அவளுடையது. அதைவிடப் பெரிய சாபம் அவளிடம் இல்லை. கடைத்தெருவே கூடிவிட்டது. பொன்னையா மட்டும் சுவரோடு சுவராக நின்றான்.

ஹாஜியார் மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. அப்படியே கடைக்கு நடந்தார்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பொழுது சாய்வதற்குள் அமானத்து வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஹாஜியாரின் தங்கை மகள் றம்லத்துகூட, "குறை நெனைக்க வாணாம் மாமா, ஏன்ட சாமானையும் தந்திடுங்க" என்று கையை நீட்டினாள். அவர் அலுமாரியைத் திறந்து, அவரவர் முடிச்சை அவரவர் கையில் வைத்தார். ஒருவருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. இத்தனை காலம் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் அந்த முடிச்சுகளோடு வெளியே போனது.

வாசலில் நின்று ராக்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருடையதும் இருக்கிறது, நம்முடையது மட்டும் இல்லை. தோட்டக்காட்டுச் சனம்தானே என்ற இளக்காரம்!

தந்தியில் செய்தி வந்தது. வீரசிங்கம் சொன்னதே நடந்தது. அமெரிக்காவில் இங்கிலாந்துக் குதிரை மண்ணைக் கவ்வியது.

திங்கட்கிழமை ராக்கம்மா இழவு வீட்டுக்கு வருகிறவளைப் போல வந்தாள். பொன்னையா பின்னால் வந்தான். ஹாஜியார் அவளைக் கண்டதும் எழுந்தார். அலுமாரியில் மிஞ்சியிருந்த ஒரே முடிச்சை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுடைய பழைய சேலைக் கிழிசல். அவளே போட்ட முடிச்சு. யாரும் அவிழ்த்ததாகவே தெரியவில்லை.

"அப்ப ஏன் அன்னைக்கே குடுக்கல?"

ஹாஜியார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டைக்கு அலுமாரித் தொறப்பு காணாமப் போயிட்டு தங்கச்சி."

"சாவி இல்லாமயா அன்னைக்கு அந்திக்கு எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தீங்க? நாந்தான் கண்ணால பாத்தேனே! மக்காவுக்குப் போயிட்டு வந்த வாயால பொய் வேறயா?"

ராக்கம்மா முடிச்சை மடியில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கி நடந்தாள்.

தெருமுனை தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். பொன்னையா நடுவீதியில் தலையில் கைவைத்து உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான்.

"என்னாய்யா? அதான் நகை கெடச்சிருச்சே?"

"நம்ம குடும்பத்துல சண்ட வந்துறக் கூடாதுன்னுதான் அவரு அந்தப் பொய்யச் சொன்னாரு. தோட்டத்துத் தொரைமாரு பேச்ச நம்பி, அந்தக் குதிரையில கட்ட நகையக் குடுங்கன்னு கேட்டவன் நாந்தான் புள்ள."