மூன்று எழுத்து

"ஒரு அங்குலம் விடப்படாது, சேர். அரசாங்கத்துக் காணி அரசாங்கத்துக்குத்தான் போகணும்."

நடராஜா முதலாளி இதைச் சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். சர்வேயர் ஸம்சுதீனுக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதால் இரண்டு தடவை தலையாட்ட வேண்டியிருந்தது.

எஹலியகொட பழைய ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று இருபது வருடமாகிறது. தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவிசாவளை வரைக்கும் அகலப் பாதை போட்டுப் பெரிய ரயில் வந்ததும், அடுத்தது இங்கேதான் என்று கடைத்தெருவில் ஒரே பேச்சு.

முதலாளி முந்திக்கொண்டு பெட்டிசன் போட்டார். பிளாட்பாரத்தை ஒட்டிக் குடிசை போட்டு வடை சுட்டு விற்கும் மூக்காயியை எழுப்ப வேண்டுமாம். அந்த இடம் காலியானால் தன் லொறியை நிறுத்தலாம் என்பதை மட்டும் பெட்டிசனில் எழுதவில்லை.

மற்றபடி அவர் பக்திமான். ஸ்டேஷன் பக்கமாகக் கடையை நீட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஒரு முனியாண்டி கிளம்பினார். நாலு பேர் இழுத்தும் அசையவில்லை. சுயம்பு என்று முடிவாகி, ஸ்டோருக்குள்ளேயே கோயில் எழும்பியது. வெள்ளிக்கிழமைதோறும் சாமியைத் தேய்த்துக் கழுவுவது மூக்காயி. முன்னால் நின்று கும்பிடுவது முதலாளி.

"தோட்டத்துல நாங்க குடியிருந்த காம்பரா மண்சரிவுல போயிருச்சுங்க, சேர்," என்றாள் மூக்காயி. "மக ஜீவராணி இந்த வருசம் ஓ.எல். பரீட்சை எழுதுது. இப்ப எழுப்புனா எங்கங்க போவோம்?"

"அதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது," என்றார் முதலாளி.

ஸம்சுதீன் பழைய வரைபடத்தை விரித்தார்.

"இந்தப் பக்கம் ஒரு எல்லைக்கல் இருக்கணும். அதுலேருந்து தண்டவாளம் கிடந்த இடம் வரைக்கும் ரயில்வே காணி. கல்லைப் பிடிச்சா உள்ளுக்கு இருக்கிற எல்லாரையும் எழுப்பிரலாம்."

"எழுப்புங்க சேர். யாரா இருந்தா என்ன?"

முதலாளி தன் கடை ஆட்களையே மண்வெட்டியோடு இறக்கினார். பற்றைக்காடெல்லாம் வெட்டியும் கல் கிடைக்கவில்லை.

"அந்தக் கல்லு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாள் மூக்காயி.

"நீங்க வடைச்சட்டி வச்சிருக்கிற பெஞ்சைப் பாருங்க. இரும்புல மூணு இங்கிலீஷ் எழுத்து இருக்குதே, ரயில்வே அடையாளம். அதையே கல்லுலயும் வெட்டியிருப்பாங்க."

மூக்காயிக்கு எந்த எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் சட்டியை நகர்த்திவிட்டு அந்த மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"கல்லு கிடைக்காட்டியும் உங்க குடிசை உள்ளுக்குத்தான், அக்கா. பதினாலு நாள் தவணை எழுதுறேன்." ஸம்சுதீன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சரிங்க. மொதலாளி, போறதுக்கு முன்ன சாமிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திக்கிறேங்க. நீங்களும் கூட வாங்க."

வெற்றி பெற்றவருக்குப் பெருந்தன்மை வருவது இயல்பு. முதலாளி கூடப் போனார்.

ஐந்து நிமிடம் கழித்து, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே அவசரமாக வெளியே வந்தார்.

"சேர், பாவம் சேர். படிக்கிற புள்ளய வச்சிருக்கு. நான் பெட்டிசனை வாபஸ் வாங்கிக்கிறேன்."

ஸம்சுதீன் பேனாவை மூடினார். "அப்ப எனக்கு இங்க வேலை இல்ல. ஆனா அந்தக் கல்லு?"

"கல்லு என்ன சேர் கல்லு. மனுசன்தான் முக்கியம்."

சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உங்களைப் போல ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும், முதலாளி," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையிலும் ஈரச் சந்தனம் ஒட்டிக்கொண்டது.

மூக்காயி இன்றைக்கும் அங்கேதான் வடை சுடுகிறாள். சாமியைக் கழுவும் வேலை மட்டும் அவளுக்கு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் முதலாளியே ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையாலேயே சந்தனம் பூசுகிறார். முகத்துக்குக் கொஞ்சம், முதுகில் இருக்கும் மூன்று எழுத்துக்கு நிறைய.