எழுபது வீதத்தில் ஒரு நேர்முகப் பரீட்சை

“நம்மட கம்பனில கேள்வி பதிலெல்லாம் இல்ல தங்கச்சி. வேலைதான் பரீட்சை. இந்த சேர்வர் ஏன் நிண்டு போயிரிக்கி? கண்டுபிடிங்க பாப்பம்!”

ஸியாத் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். கையில் கோப்புடன் உள்ளே வந்தவளை ஸலாம் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. பத்து மணிக்கு ஒரு பெண் வேலை கேட்டு வர இருந்தாள், மணியும் பத்துதான்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். ‘கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரிகள் சங்கம்’ என்று கிடந்த பெயரைப் படித்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இந்த யோசனை ஸியாத்துக்கு வந்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. உண்மையில் காலையிலிருந்து பரீட்சையில் தோற்றுக்கொண்டிருந்தவன் அவன்தான். சங்கத்துக்கு அவன் செய்து கொடுத்த இணையத்தளம் ஆறு மணியிலிருந்து நூற்றுக்கு எழுபது வீதம் மட்டும் ஏறி அப்படியே நின்றது. பதினொரு தடவை நிறுத்தித் திரும்பத் தொடக்கினான். இணைப்பைத் திட்டினான், புத்தளத்து வெயிலைத் திட்டினான், பன்னிரண்டாவது தடவை பிஸ்மி சொல்லித் தொடக்கினான். அப்போதும் எழுபதுதான்.

மதியம் சங்கத்திலிருந்து ஆள் வரும். தளம் ஓடாவிட்டால் வேலை கைவிட்டுப் போகும். அதோடு வாசலில் தொங்கும் ‘தலைமைப் பொறியியலாளர்’ பலகையையும் கழற்ற வேண்டியதுதான். அந்தக் கம்பனியில் தலைமையும் அவன்தான், பொறியியலாளரும் அவன்தான், தேத்தண்ணி ஊற்றுகிறவனும் அவன்தான்.

“எத்தின மணில இருந்து இப்பிடி நிக்கிது நானா?” அண்ணன் முறை சொல்லியே கேட்டாள் அவள்.

“ஆறு மணில...” ஸியாத் நாக்கைக் கடித்துக்கொண்டான். “அதாவது, ஆறு மணிக்கே எழும்பி நான் வேணுமெண்டு பழுதாக்கி வெச்ச. பரீட்சைக்கு.”

“சேர்வர் நடந்ததெல்லாம் எழுதி வெக்கிற லொக் ஃபைல் என்ன சொல்லுது? பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. அந்த எண்ணமே அவனுக்கு வரவில்லை.

“அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க பாக்கிறதுதானே பரீட்சை” என்றான் கம்பீரமாக.

அவள் தட்டத் தொடங்கினாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின. அவளுக்குப் பின்னால் நின்று, எல்லாம் விளங்குகிற மாதிரி அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“இது செத்துப் போகல்ல நானா. காத்துக்கொண்டிரிக்கி.”

“ஆருக்கு?” உண்மையாகவே கேட்டுவிட்டான்.

“டேட்டாபேஸுக்கு. ஆனா இதில இரிக்கிற முகவரி பழசு போல. எவ்வளவு நேரம் காத்திரிக்கோணும் எண்டும் யாரும் இதுக்குச் சொல்லல்ல. அதான் விடாம நிக்கிது. நேத்து ராவு ஏதும் மாத்தின?”

மாற்றியிருந்தான். டேட்டாபேஸைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தவனே அவன்தான். தளத்துக்குப் புதிய முகவரியைச் சொல்லத்தான் மறந்துபோனான். பாவம், அது ஆளில்லாத வீட்டுக் கதவை நாலு மணித்தியாலமாகத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

“அதேதான்! மடையன், நான்தான் மறந்து...” தொண்டையைச் செருமிக்கொண்டான். “அந்தப் பிழைய நான் எவ்வளவு கஷ்டப்பட்டு ஒளிச்சு வெச்ச தெரியுமா?”

“ஓம், நல்லாத்தான் ஒளிச்சிரிக்கிறீங்க” என்றாள் அவள்.

ஒரேயொரு வரியை மாற்றினாள். எழுபது, எண்பத்தைந்து, நூறு. திரை முழுக்க நெத்தலியும் கட்டாவும் சூரையும் வரிசையாக வந்து விழுந்தன. கருவாடு இவ்வளவு அழகானது என்று ஸியாத் அதுவரை நினைத்ததில்லை. துள்ளிக் குதிக்கத் தோன்றியது. முதலாளியின் மரியாதை போய்விடக் கூடாதென்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க பாஸ் தங்கச்சி! நாளைக்கே வேலைக்கு வாங்க. பேரக் கேக்க மறந்துட்டன், பேரென்ன?”

“றிஸ்மினா. ஆனா வேலைக்கு வர ஏலாது நானா.”

“ஏன்? வேற எங்கயும் வேல கிடைச்சிட்டா?”

“ஓம். மூணு வருஷமா கருவாட்டுச் சங்கத்திலதான் வேல. வெப்சைட் ஓடுதா எண்டு பாத்துக் கையொப்பம் வைக்கத்தான் கொஞ்சம் வெள்ளன வந்த” என்று கோப்பைத் திறந்து கையொப்பமிட்டாள் றிஸ்மினா. “பரீட்சைக்கு வந்த பிள்ள வெளிய குந்திக்கொண்டிரிக்கி. உள்ள வரச் சொல்லட்டா, இல்லாட்டி நீங்க இன்னொரு சேர்வரப் பழுதாக்கி முடியும்வரைக்கும் இரிக்கச் சொல்லட்டா?”