எழுதாத மூன்றாவது சீட்டு

“ஒரே மச்சத்தைப் பாக்க மூணு டாக்டருங்க எதுக்குங்க மேடம்?” வேலைக்குச் சேர்ந்த புதிதில் கலைமணி கேட்டாள்.

டாக்டர் ஹுமேரா சிரித்தார். “ஒருத்தர் கண்ணு தான் ஆசைப்பட்டதையே பாத்துடும்மா. மூணு பேரும் ஒரே மாதிரி ஆசைப்பட மாட்டாங்க.”

தருமபுரியில் அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்கு, வெட்டியெடுத்த மச்சம் கண்ணாடித் துண்டில் எண்ணோடு மட்டும் வரும். பெயர் கலைமணியின் நோட்டில் இருக்கும்; நோயாளிக்கும் தன் எண் தெரியும். டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்து, சீட்டில் எழுதிய பிறகுதான் பேசிக்கொள்வார்கள்.

அன்று எண் நாற்பத்தேழு. டாக்டர் மாதவராஜ் ‘புற்றுநோய்’ என்று எழுதியிருந்தார். டாக்டர் ஆசிம் ‘சாதாரண மச்சம்’ என்று எழுதியிருந்தார். ஹுமேராவின் சீட்டு வெறுமையாக இருந்தது.

“இருபத்தஞ்சு வருஷ சர்வீஸு! நீங்களே நழுவுனா எப்படிங்க மேடம்?” என்று மாதவராஜ் கிண்டலடித்தார்.

“இதுல என் கண்ணை நம்ப முடியல. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.”

நான்காம் நாள் பதில் வந்தது. புற்றுநோய்தான், ஆரம்ப நிலை. உடனே இன்னும் அகலமாக வெட்டியெடுத்தால் பிழைக்கலாம்.

“நல்லவேளை! மேடம் ஆசிம் பக்கம் சாஞ்சிருந்தா அந்த ஆளு கதை முடிஞ்சிருக்கும். கலைமணி, பேஷண்டுக்கு போன் போடும்மா,” என்றார் மாதவராஜ்.

கலைமணி போனை எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

நாற்பத்தேழு: ஹுமேரா, வயது 53, இடது பாதம்.

மாதவராஜ் நிமிர்ந்தபோது, ஹுமேரா செருப்பை மாட்டிக்கொண்டு, இடது காலை லேசாகத் தாங்கியபடி அறுவை சிகிச்சைப் பிரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.