பஜ்ஜிக் கடையில் பார்த்தசாரதி

"ரேணுகா, சொன்னா வருத்தப்படுவே. உன் வீட்டுக்காரரை ஸ்டேஷன் பக்கத்துல, யூசுப் பாய் பஜ்ஜிக் கடையில பார்த்தேன்."

சொன்னவர் எதிர் ஃப்ளாட் ஜானகிராமன். நல்ல சேதி கொண்டுவந்து பழக்கமில்லாதவர்.

"இன்னிக்கா சார்?"

"இன்னிக்கு, நேத்து, முந்தாநாள். தினமும்தான்."

"தினமும் நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"நானா? அந்தப் பக்கமாப் போனேன்மா." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்த்தசாரதிக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை. போன வருஷம் வரை திருநின்றவூர் ஸ்டேஷன் படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பிவிட ரெண்டு பேர் வேண்டும். கடைசியில் எடையைக் குறைக்க ஆபரேஷன். இரைப்பையைச் சின்னதாக்கி அனுப்பினார்கள்.

டாக்டர் வளவளவென்று பேசவில்லை.

"வயித்தை நான் பார்த்துட்டேன். இனி இதயத்தை நீங்கதான் பார்த்துக்கணும். தினமும் வேகமா நடங்க. எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். மறுபடி பழைய ஆளா வந்தீங்கன்னா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றைக்கே ரேணுகா தன் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் ஏரிக்கரைக்கு நடக்கப் போவார். ஆள் பாதியாகிவிட்டார். நல்லதுதான். ஆனால் கொஞ்ச நாளாக, திரும்பி வரும்போது சட்டையில் எண்ணெய் வாசனை.

கேட்டால், "வழி நெடுகக் கடை. வாசனை ஒட்டாம என்ன பண்ணும்?" என்பார்.

நம்பினாள். இன்றைக்கு நம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வழிகாட்டுவதாகச் சொல்லி ஜானகிராமனும் கூடவே வந்தார். வழி ரேணுகாவுக்கே தெரியும்.

கடையில் பார்த்தசாரதி பஜ்ஜி தின்றுகொண்டிருக்கவில்லை. சுட்டுக்கொண்டிருந்தார்.

இடுப்பில் ஈரத் துண்டு. கையில் ஜல்லிக் கரண்டி. முகமெல்லாம் வேர்வை.

"இன்னா சார், பஜ்ஜி கேட்டா கரித்துண்டு குடுக்கறே?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

"உள்ள வாழைக்காய் இருக்கு. நம்பிக் கடி."

நிமிர்ந்தவர் ரேணுகாவைப் பார்த்தார். கரண்டி அப்படியே நின்றது.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன். ஒண்ணுகூட வாயில வைக்கலை."

"சட்டி முன்னாடி நின்னுக்கிட்டு இதைச் சொல்றீங்களே, கூசலை? நடந்தீங்களா, அதுவும் இல்லையா?"

"நடந்தாச்சு. ஏரிக்கரையை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் இங்க வந்தேன்."

"அப்ப இங்க என்ன வேலை? ஃபாக்டரியில துரத்திட்டாங்களா?"

"கொஞ்சம் இரு. ஆள் வந்துடட்டும்."

"எந்த ஆள்?"

பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். அது ஏற்கெனவே தீய்ந்திருந்தது.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கே போய் நிப்பேன்?" என்றாள் ரேணுகா.

"அதேதான் நானும் கேக்கறேன்" என்றார் ஜானகிராமன்.

"சார், உங்களுக்கு வழக்கம்போல வாழைக்காய்தானே? பார்சலா, இங்கேயா?" என்றார் பார்த்தசாரதி.

ஜானகிராமன் ரயில் வருகிறதா என்று பார்த்தார்.

அந்நேரம் ஏரிப் பக்கமிருந்து ஒருவர் கையை வீசிக்கொண்டு வேகவேகமாக வந்தார். மடித்துக் கட்டிய கைலி. காலில் பார்த்தசாரதியின் ஷூ. ரேணுகா குனிந்து கணவர் காலைப் பார்த்தாள். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு.

வந்தவர் கடைக்காரர் யூசுப் பாய்.

"தங்கச்சி, சாரைத் திட்டாதே. எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சிகீறாங்க. தினம் நடன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஒண்டி ஆளு. கடையை யாராண்ட வுட்டுட்டு நடக்கறது? போறது போவட்டும்னு நடக்கறதையே வுட்டுட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சாரு இந்த வழியா நடந்து போவும்போது ஒரு நாள் நின்னு விசாரிச்சாரு. சொன்னேன். செம திட்டு. அன்னிலேர்ந்து அவுரு நடந்து முடிச்சதும் நேரா இங்க வந்துடறாரு. ஷூவைக் கழட்டிக் குடுத்து, கரண்டியைப் புடுங்கிக்கினு, 'போ பாய், நட'ன்னு வெரட்டறாரு. மனுசன் ஒரு பஜ்ஜி தொட்டதில்ல."

"ஏங்க, இதை என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா, எண்ணெய்ச் சட்டி பக்கம் என்னை விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். கணவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க. பாய்க்கும் ஒரு ஷூ வாங்கிடலாம். நாளையிலேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாவே நடந்துட்டு வாங்க, கடையை நான் பார்த்துக்கறேன். நீங்க சுடறதைத் தின்னா ஊருக்கே நெஞ்சு வலி வரும்!"