கையை மட்டும் மூடியவள்

"இது யாரு பண்ண வேலை?"

அருணகிரி போட்ட சத்தத்தில், பல் தேய்த்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

கூடத்துச் சுவரில் மகன் வரைந்த படம் சாய்ந்திருந்தது. ஆறடிப் பலகை. உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் ஒருத்தி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். சுற்றிலும் தீப்பெட்டிப் படம், சோப்பு உறை, பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ். முகத்துக்குப் பத்திரிகை அட்டையிலிருந்து வெட்டிய யாரோ ஒரு நடிகையின் முகம்.

அவளுடைய இடது கையின் மேல் மட்டும் புதிதாக ஒரு காகிதம். திருவாலங்காட்டுக் கோயிலில் விபூதி மடித்துக் கொடுத்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றாள் சம்பூர்ணம், அடுப்படியிலிருந்து.

ராஜமாணிக்கம் சிரித்துவிட்டார். "ஏண்டி, மூட வேண்டியதையெல்லாம் தொறந்து போட்டுட்டு முழங்கையை மூடிக்கீறியே, உனக்கு இன்னா கண்ணு தெரியலயா?"

"சிரிக்காத நைனா. மூணு நாள் ஒக்காந்து போட்ட கை அது." அருணகிரி கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். "பத்து மணிக்கு வேன் வந்துடும். புது கம்பெனி கிளப்புல இன்னிக்குப் படம் வெக்கிறாங்க. மேனேஜருக்குப் புடிச்சாத்தான் எனக்கு அங்க விளம்பரம் வரையற வேலை. உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்ப்பா."

"தெரிஞ்சுமா இப்டி பண்ண? பாவம் போவுணும்னு ஒட்டினியா? துணியில்லாம வரையறது தப்பு இல்லம்மா. காலேஜ்லயே சொல்லிக் குடுக்கறாங்க."

"தப்புன்னு நான் சொன்னனா? படம் நல்லாத்தான் கீது. அந்தக் கை மட்டும் வாணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

சம்பூர்ணம் கணவரைப் பார்த்தாள்.

"கோயில் கோயிலா சுத்தி இவளுக்கு மூளை கலங்கிப்போச்சு. தண்ணி தொட்டு சுரண்டிப் போடுடா" என்று சொல்லிவிட்டு ராஜமாணிக்கம் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

அருணகிரி ஈரத் துணியோடு படத்தின் முன் குந்தினான். சம்பூர்ணம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடும்மா. நேரமாவுது."

"அக்கா, ஊட்ல கீறீங்களா?"

வாசலில் கெங்கம்மாள். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து போன வருஷம் பின் தெருவுக்குக் குடி வந்தவள். புருஷன் படுத்த படுக்கை. தினமும் காலை ரயிலில் மெட்ராஸ் போய், ஏதோ ஆபீசில் பெருக்குகிறாள் என்று ஊரில் பேச்சு.

"பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிருக்கேன்க்கா. வர்ற வெள்ளிக்கெழம. மாப்ள புது கம்பெனியிலதான் வேலை. நல்ல புள்ள. இன்னிக்குக்கூட கிளப்புல இன்னாவோ படம் வெக்கிறாங்கன்னு அவரு ஊட்டாளுங்க எல்லாரையும் இட்டுக்கினு போறாரு."

வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வரிசையாக மூன்று மீன்கள். பச்சை குத்தியது. மூன்றாவது மீனுக்கு மட்டும் வால் இல்லை.

அருணகிரி நிமிர்ந்தான். மெட்ராஸ் காலேஜ் வகுப்பில் மாணவர்கள் பார்த்து வரைவதற்காக மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் படுத்திருக்கும் அந்த அம்மா. ஊரும் கேட்டதில்லை, பேரும் கேட்டதில்லை. முகத்தை மாற்றினால் போதும் என்று நினைத்து, வாலில்லாத மீன் வரைக்கும் அப்படியே வரைந்திருந்தான்.

கெங்கம்மாளும் அவனைப் பார்த்துவிட்டாள். அப்புறம் பலகையை. அவள் கண் படத்தின் முகத்துக்குப் போகவில்லை. நேராகக் கைக்குப் போனது. அங்கே விபூதிக் காகிதம்.

முந்தானையை இழுத்துத் தன் கையை மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இன்னாத்துக்கு? வியாழக்கெழமயே வந்துடறேன் கெங்கா" என்று சம்பூர்ணம் தட்டை வாங்கிக்கொண்டாள். "பொண்ணுக்குத் தல பின்ன நான் கீறேன். நீ தைரியமா போ."

கெங்கம்மாள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே ராஜமாணிக்கம் உள்ளே வந்தார்.

"இன்னாடா, உங்கம்மா ஒட்டினது இன்னும் அப்டியே கீது?"

தூக்கிக்கொண்டிருந்த காகித ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினான் அருணகிரி.

"யாரு கேட்டாலும், அது நான் ஒட்டினது நைனா."